சனிக்கிழமை இடிப்பு

நகரமைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் பொழிச்சலூரில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். "சார், உங்க சர்வீஸ்ல மறக்கவே முடியாத இடிப்பு எது?" என்று ஒருவர் கேட்டார். விளையாட்டு வீரரிடம் மறக்க முடியாத ஆட்டம் எது என்று கேட்பதைப் போல அத்தனை உற்சாகம். தலைக்கு மேல் ஒரு விமானம் போனது. அதைச் சாக்காக வைத்து, காது கேட்காதவன் மாதிரி பேச்சை மாற்றிவிட்டேன். நீங்கள் போன பிறகு என் மனைவி, "ஏன், அந்தத் தனம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே?" என்றாள். "பயமா இருக்கு" என்றேன். ஓய்வு பெற்றாகிவிட்டது, இனி என்னை யாரும் இடம் மாற்ற முடியாது, சஸ்பெண்ட் செய்ய முடியாது. ஆனாலும் பயமாகத்தான் இருந்தது. வாயால் சொல்ல முடியாததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு மறக்க முடியாத இடிப்பு, நடக்காமல் போன ஓர் இடிப்பு.

ஊர்ப் பெயர் வேண்டாம். தாம்பரத்தைச் சுற்றி, சேலையூருக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையை ஒட்டிய ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்சி என்றும் கேட்காதீர்கள். நான் பல கொடிகளுக்குக் கீழே வேலை பார்த்தவன். கொடி மாறும்போது போனில் வரும் குரல் மாறும், கேட்கும் காரியம் மாறாது. அந்தத் தொகுதியில் அப்போது அதிகாரத்தில் இருந்தவரை ஊரே "அண்ணன்" என்றுதான் சொல்லும், நானும் அப்படியே சொல்கிறேன். பழைய ஊர்க்காரக் குடும்பம். அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலமெல்லாம் மனைகளாகிவிட்டன. அதில் ஒரு நல்ல மூலையை விற்காமல் வைத்திருந்து கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். தெருவுக்குள் நுழைந்தால் முதல் கட்டடம் அதுதான்.

தெருவின் நடுவில் தனலட்சுமியின் வீடு. எல்லோருக்கும் தனம் அக்கா. கடற்கரைக் குப்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். விடியற்காலையில் போய் மீன் எடுத்து வந்து வீட்டு வாசலில் விற்பார். மத்தியானம் அதே வாசலில் மீன் குழம்பும் வறுவலுமாகச் சாப்பாடு. கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர், மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வாசலுக்கு மேல் தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு சிமெண்ட் மேடை. தெருவில் எல்லா வீட்டு வாசலும் அப்படித்தான் இருந்தது. ஒருவர் படி கட்டியிருப்பார், ஒருவர் வண்டி நிறுத்த ஷெட் போட்டிருப்பார்.

அந்த வருஷ மழையில் தெரு மூழ்கியது. மழைநீர் போக வேண்டிய கால்வாய் மண்டபத்துக்குப் பக்கத்தில் வந்து காணாமல் போயிருந்தது. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் இடுப்பளவு நின்றபோது அண்ணன் ரப்பர் படகில் வந்தார், கையில் ரொட்டிப் பாக்கெட்டுகளோடு. கூடவே போட்டோ எடுக்க ஆட்கள். தனம் அக்கா தண்ணீரில் நின்றுகொண்டே கேட்டுவிட்டார்.

"ஓட்டு கேக்க சொல்லோ இதே தெருவுல நடந்துதானே வந்தே? இப்ப இன்னா, போட்ல வந்துகினு கீறே? கால்வாயை உன் மண்டபத்துக்கு அடியில வுட்டு மூடிகினே. எங்க வூட்டுல பாம்பு நீஞ்சுது. உன் ரொட்டி யாருக்கு வோணும்? கால்வாயைத் தொற!"

யாரோ அதைப் போனில் படம் பிடித்தார்கள். தண்ணீர் வடிவதற்குள் தமிழ்நாடு முழுக்கப் பார்த்துவிட்டது. அண்ணன் படகிலேயே சிரித்துக்கொண்டு கும்பிட்டார். அந்தச் சிரிப்பை வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்படிச் சிரிக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

இங்கே எங்கள் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் இன்னும் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். என் பக்கத்து மேஜையில் ஒருவர் இருந்தார். நேர்மையான மனிதர், கொஞ்சம் முசுடு. ஏதோ ஒரு கட்டட அனுமதிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். யாரும் அவரைத் திட்டவில்லை, மாற்றவும் இல்லை. மரியாதையாகவே நடத்தினார்கள். அவர் ஓய்வு பெறும் நாள் வந்தது. நாங்கள் மாலை போட்டு, ஸ்வீட் பாக்கெட் கொடுத்திருந்தோம், ஒருவர் மைக்கில் அவருடைய பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு கவர் வந்தது. பணி இடைநீக்கம். அவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனார். பிறகு விசாரணை, விசாரணைக்கு மேல் விசாரணை, அது முடியும்வரை முழுப் பென்ஷன் கிடையாது. அவர் தப்பு செய்தார் என்று கடைசிவரை யாரும் நிரூபிக்கவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒருவரைப் பயமுறுத்த வேண்டுமென்றால், "சார் எப்போ ரிட்டயர்மென்ட்?" என்று அன்பாகக் கேட்டாலே போதும்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். அவருடைய அறையில் அண்ணனின் உதவியாளர் உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். எழுந்து நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அந்தத் தெருவுல ஆக்கிரமிப்பு ஜாஸ்தியா இருக்குன்னு பொதுமக்கள் சொல்றாங்க சார்" என்றார். "குறிப்பா அந்த மீன் கடை வீடு."

மேலதிகாரி என் முகத்தைப் பார்க்காமல், "இன்னிக்கு நோட்டீஸ் ஒட்டிடுங்க. நாளைக்குக் காலையில எடுத்துடலாம். போலீஸுக்குச் சொல்லியாச்சு" என்றார்.

இந்தச் சனிக்கிழமைக் கணக்கு உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். வெள்ளி மாலை நோட்டீஸ் ஒட்டினால், வீட்டுக்காரர் வக்கீலைத் தேடிப் பிடிப்பதற்குள் கோர்ட்டு மூடிவிடும். சனியன்று இடித்துவிட்டால், திங்கட்கிழமை கோர்ட்டில் வாதாட வெறும் செங்கல்தான் மிச்சம். வாசல் மேடை மட்டும் என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். பொக்லைன் கை வைத்தால் மேடையோடு நிற்காது. மேடைக்குப் பின்னால் இருக்கும் சுவர் விழும், சுவர் தாங்கிய கூரை விழும். தனம் அக்காவின் வீடு மொத்தமே அந்த ஒரு சுவரை நம்பி நின்றது.

அறை வாசலுக்கு வந்த என்னை உதவியாளர் பின்தொடர்ந்து வந்தார். "சார், அண்ணனுக்கு யார் மேலயும் கோபமே கிடையாது. அந்தம்மா ஒரே ஒரு வீடியோ போடட்டும், தெரியாம பேசிட்டேன், தண்ணியே அவ்வளவு வரலன்னு. நாளைக்கு மெஷின் வராது. நீங்க பெரியவர், எடுத்துச் சொல்லுங்க." பிறகு என் தோளில் இருந்த ஏதோ தூசியைத் தட்டிவிட்டு, "சாருக்கு எப்போ ரிட்டயர்மென்ட்?" என்று கேட்டார்.

ஏப்ரல் கடைசியில் என்றேன்.

சர்வேயராகப் புதிதாக வந்திருந்த சுகன்யாவை அழைத்துக்கொண்டு நோட்டீஸ் ஒட்டப் போனேன். அவள் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருந்தாள். யாராவது ஒரு வரி எழுதினால் வேலை போய்விடும் நிலை. தனம் அக்கா மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தார். நோட்டீஸைப் பார்த்தார், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இன்னா சார், இத்தினி வூடு கீது, என் வூடு மட்டும்தான் ரோட்டுல நிக்குதா?"

உதவியாளர் சொன்னதை அப்படியே சொன்னேன். என் பேச்சாகச் சொல்லவில்லை, அவர்கள் இப்படிக் கேட்கிறார்கள் என்று சொன்னேன். கணவர் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்து, "போட்டுட்றி தனம். ஒரு வார்த்தைதானே. பேஜார் வேணாம்" என்றார்.

"வூட்டுக்குள்ள பாம்பு வந்தப்போ கட்டில் மேல ஏறி நின்னு கத்தினது நீதானேய்யா?" என்று அவரைப் பார்த்துக் கேட்டார் தனம் அக்கா. "தண்ணியே வரலன்னு நான் எப்டி சொல்வேன்? பாத்தவங்க காறித் துப்ப மாட்டாங்க?" பிறகு என்னிடம், "இடிச்சிக்கோ சார். உன் வேலை, நீ இன்னா பண்ணுவே" என்றார். என் மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தேன். மனைவி திருநீர்மலைக்குப் போய்ப் பிரசாதம் கொண்டு வந்திருந்தாள். அதை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முடியாது என்று சொன்னால் என்ன ஆகும்? வேறொருவர் போவார். வீடும் போகும், என் பென்ஷனும் போகும். நானே இடிக்கப் போனால்? வீடு மட்டும் போகும். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. நல்லவனாக இருந்து ஒரு பிரயோஜனமும் இல்லை என்று நம்மை நாமே நம்ப வைத்துக்கொள்ள இந்தக் கணக்கு போதும்.

அப்போது என் முதல் மேலதிகாரி ஞாபகத்துக்கு வந்தார். பெயரைச் சொன்னால் அவர் குடும்பத்துக்குப் பிடிக்காது. அந்த அம்மா அதிகம் பேசமாட்டார், பேசினால் சுள்ளென்று இருக்கும். மேலிடத்து நெருக்கடியில் நான் கைபிசைந்து நின்ற ஒரு நாளில் சொன்னார்: "பயமா இருந்தா வேலையை நிறுத்தாதே. வேலையை முழுசா செய். அவங்களுக்கு வேண்டியது அரை வேலை. முழு வேலையை அவங்களாலயே தாங்க முடியாது." அன்றைக்கு அது எனக்கு ஒழுங்காகப் புரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமையில் புரிந்தது.

நம் தொழிலில் நாம் எல்லோரும் செய்யும் ஒரு தப்பு இருக்கிறது. ஒரு வீடு எவ்வளவு தூரம் ரோட்டில் ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால், தெருத் தொடக்கத்தில் அரசாங்கம் நட்டு வைத்த எல்லைக் கல்லைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அளந்து வர வேண்டும். அந்தக் கல்லை யார் தேடுகிறார்கள்? பக்கத்துச் சுவர் மூலையிலிருந்தோ மின்கம்பத்திலிருந்தோ டேப்பைப் பிடித்து அளந்து, சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டு வந்துவிடுகிறோம். சுவரே தப்பான இடத்தில் இருந்தால், அளவும் தப்பு, இடிப்பும் தப்பு. ஆனால் சீக்கிரம் முடியும். சனிக்கிழமை இடிப்புகள் எல்லாமே இந்த அவசர அளவை நம்பித்தான் நடக்கின்றன.

சனிக்கிழமை காலை. பொக்லைன் வந்தது, போலீஸ் வேன் வந்தது. உதவியாளர் மண்டப வாசலில் நின்றிருந்தார். மண்டபத்தில் கல்யாணம். நாதஸ்வரம் கேட்டது, பட்டுப்புடவைகள் படியேறிக்கொண்டிருந்தன. தெரு முழுக்க வீட்டு வாசலில் நின்று பார்த்தது. தனம் அக்கா மேடையில் மீன் கூடையை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆரம்பிக்கலாமா சார்?" என்றார் உதவியாளர்.

"அளந்துட்டு ஆரம்பிக்கலாம்" என்றேன். சுகன்யாவிடம் வரைபடத்தைக் கொடுத்தேன். "கல்லைத் தேடும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண், ஒரு நொடியில் புரிந்துகொண்டாள். வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்து எல்லையிலிருந்து டேப்பை இழுத்துக்கொண்டு வந்தாள், நின்றாள், திரும்பவும் சரிபார்த்தாள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். மண்டபத்துக் கிரானைட் படியின் மேல் நின்று, "சார், இங்கதான் வருது" என்றாள்.

தெருவில் ஒரு சிரிப்புக்கூட வரவில்லை. சிரித்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உதவியாளர் என் காதருகே வந்தார். "சார், அந்தப் பக்கத்துச் சுவத்துல இருந்து அளந்துக்கலாமே."

"அளக்கலாம் சார். அந்தச் சுவர் சரியான இடத்துல இருக்குன்னு யாராவது சொல்லணும். நீங்க சொல்றீங்களா?"

அவர் மண்டப வாசலுக்கே திரும்பிப் போனார். நான் மேலதிகாரிக்குப் போன் போட்டேன். குரலில் பணிவு குறையாமல் பார்த்துக்கொண்டேன். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் வீரம் காட்டினால் எல்லாம் கெட்டது. "சார், எல்லாம் ரெடி. ஆனா எல்லைக் கல்லு மண்டபத்துப் படிக்கு அடியில மாட்டிக்கிச்சு. ரெண்டு கிரானைட் பலகையை எடுத்தாப் போதும், உடனே மீன் கடையை அளந்து வேலையை முடிச்சிடலாம். பொக்லைன் இங்கதான் நிக்குது. எடுக்கட்டுமா?"

பொக்லைன் ஓட்டுநர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கடமை தவறாதவராக, வண்டியைத் திருப்பி மண்டபத்தைப் பார்க்க நிறுத்தினார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் கையில் சந்தனக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

"வெயிட் பண்ணுங்க" என்றார் மேலதிகாரி.

வெயில் ஏற ஏறக் காத்திருந்தோம். நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். கல்யாணப் பந்தி முடிந்தது. வேறு எங்கோ வேலை இருக்கிறது என்று பொக்லைன் போய்விட்டது. போலீஸ் வேனும் போனது. திங்கட்கிழமை ஒரு வக்கீல் தம்பி தனம் அக்காவுக்காகக் கோர்ட்டில் தடை வாங்கினார்.

இதோடு கதையை முடித்தால் உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும்தான்.

அந்தச் சனிக்கிழமை மாலையே காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள், என்னையும் சுகன்யாவையும். இன்ஸ்பெக்டர் தங்கமான மனிதர் என்று பெயர் எடுத்தவர். டீ வரவழைத்தார். அவருடைய போன் மேஜையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"சார், ஒண்ணுமில்ல. அந்தம்மா உங்களைத் தகாத வார்த்தையில திட்டி, வேலை செய்ய விடாம தடுத்தாங்கன்னு ஒரு புகார். எழுதி வெச்சாச்சு. நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

இதுதான் அவர்களுடைய இன்னொரு கை. அரசு ஊழியரைத் தடுத்ததாகச் சொன்னால் உடனே ஜாமீன் கிடைக்காது. வீட்டை இடிக்க முடியாவிட்டால் ஆளை வீட்டிலிருந்து எடுத்துவிடலாம். அதற்கு நம் வாய் வேண்டும், நம் கையெழுத்து வேண்டும். உங்களிடமும் ஒரு நாள் கேட்பார்கள்.

"என்னை அந்தம்மா தடுக்கல சார்" என்றேன். "கல்லுதான் தடுத்துச்சு."

இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்தார். "சார், எனக்கும் குடும்பம் இருக்கு. காலையில இருந்து எத்தனை போன் தெரியுமா? உங்களுக்கு ரிட்டயர்மென்ட் வேற வருதாமே."

எல்லோருக்கும் தெரிந்திருந்தது என் ஓய்வு நாள். நான் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் சரி என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். அவர் சுகன்யா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லும்மா. அந்தம்மா என்னென்ன பேசினாங்க?"

சுகன்யா கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டே, "நான் டேப்பைப் பிடிச்சிட்டு மண்டபப் படியில நின்னேன் சார். நாதஸ்வர சத்தத்துல எனக்கு எதுவுமே காதுல விழல" என்றாள். அழுதுவிடுவாள் போல இருந்தது. ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை அவளிடமிருந்து வரவில்லை. எத்தனை விதமாகக் கேட்டாலும் நாதஸ்வரம், நாதஸ்வரம் என்றே சொன்னாள். தைரியசாலிகள் எப்படி இருப்பார்கள் என்று எனக்கு ஒரு கற்பனை இருந்தது. நடுங்கிக்கொண்டே ஒரே பதிலைச் சொல்வதும் அதில் சேரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வெளியே வந்து பஸ் நிறுத்தம் வரை அவளோடு நடந்தேன். பிறகு, "சார், என் வேலை போயிடுமா?" என்றாள். தெரியலம்மா என்றேன். அவளுக்கு நான் கொடுக்க முடிந்தது அந்த உண்மை மட்டும்தான்.

அவள் வேலை போகவில்லை. தனம் அக்காவை அவர்கள் விடவும் இல்லை.

அரசாங்கத்தில் நம் பிரிவு ஒன்றுதானா இருக்கிறது? ஒரு நாள் அவருடைய மீன் கெட்டுப்போனது என்று சொல்லிக் கூடையோடு அள்ளிப் பினாயில் ஊற்றினார்கள். ஒரு நாள் கணவரின் ஆட்டோவை வழியில் நிறுத்தி, ஏதோ சரியில்லை என்று ஸ்டேஷன் வாசலில் போட்டுவிட்டார்கள், அது அங்கேயே துருப்பிடித்தது. குடிநீர் லாரி அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் நின்றது, அவர் வீட்டுக்கு முன்னால் மட்டும் நிற்காமல் போனது. எல்லாம் சட்டப்படிதான், எல்லாவற்றுக்கும் ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் என்னைப் போல ஒருவர் இருந்திருப்பார், ஓய்வு நாளையோ மகள் கல்யாணத்தையோ நினைத்துக்கொண்டு. கடைசியில் மகளின் கல்லூரியில் அவள் சான்றிதழைப் பற்றி யாரோ விசாரித்திருக்கிறார்கள். அவ்வளவுதான், விசாரித்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் அந்த வீடியோ வந்தது. எனக்கு யாரோ அனுப்பினார்கள். தனம் அக்கா தலை வாரி, பொட்டு வைத்து, சுவரைப் பார்த்துப் படிப்பது போலப் பேசினார். தெரியாமல் பேசிவிட்டேன், தண்ணீர் அவ்வளவு வரவில்லை, அண்ணன் எங்களுக்குக் கடவுள் மாதிரி. சுத்தமான தமிழ். அவர் வாயில் அப்படிப்பட்ட தமிழை நான் கேட்டதே இல்லை. முழுவதும் பார்க்க முடியவில்லை, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நான் ஓய்வு பெற்ற நாளில் கவருக்காகக் காத்திருந்தேன். மாலை போட்டார்கள், மைக்கில் பேசினார்கள், என் காதில் எதுவும் விழவில்லை. கண் முழுக்கக் கதவில் இருந்தது. கதவு திறந்தது. உதவியாளர் வந்தார், கையில் சால்வை. அண்ணன் கொடுத்தனுப்பியதாம். எல்லோரும் கைதட்ட என் தோளில் போர்த்தினார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது இல்ல சார்?" என்று மெல்லக் கேட்டார். நான் அந்தச் சால்வையோடு போட்டோவுக்கு நின்றேன். சிரித்திருக்கிறேன், போட்டோவில் தெரிகிறது. அண்ணன் படகில் சிரித்தாரே, அவருக்கு அந்தச் சிரிப்பு எதற்கு என்று தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

நான் செய்தது வீணா என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். இல்லை. வீடு நிற்கிறது. அந்தச் சுவர் இன்றைக்கும் கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. மகள் படித்து முடித்துவிட்டாள். உங்களுக்குப் போன் வரும்போது நீங்களும் கல்லைத் தேடுங்கள். ஆனால் நீங்கள் ஒருவர் மட்டும் தேடினால் போதாது. மீனுக்குப் பினாயில் ஊற்றப் போனவரும் தேடியிருக்க வேண்டும், ஆட்டோவைப் பிடித்தவரும் தேடியிருக்க வேண்டும். பக்கத்துப் பிரிவில் இருப்பவரோடு டீ குடிக்கும்போது இதைப் பேசுங்கள். எங்கள் காலத்தில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பயந்தோம்.

போன மழைக்கு அந்தத் தெருவுக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, மனசு கேட்கவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு மேல் நின்றது. ஏதோ ஒரு சேனலிலிருந்து ஒரு பையன் மைக்கோடு பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தான். யாரும் அவனோடு பேசவில்லை, கதவுகள் சாத்திக்கொண்டன. தனம் அக்கா மட்டும் வாசலில் நின்று, வீட்டுக்குள் இருந்த தண்ணீரைப் பக்கெட்டால் மொண்டு தெருவில் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்போது கடைசி வருஷப் படிப்பில் இருந்த மகளின் புத்தகப் பை தலைக்கு மேல் ஆணியில் தொங்கியது. பையன் மைக்கை நீட்டினான்.

"அக்கா, ரொம்ப நாளா இப்படித் தண்ணி நிக்குதா?"

அவர் பக்கெட்டைக் கீழே வைத்தார். அது மிதந்தது. மண்டபத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், பிறகு மைக்கைப் பார்த்தார்.

"தண்ணியா?" என்றார். "இங்க எங்கப்பா தண்ணி கீது?"